மாமரத்துக்கு மருந்து எவ்வளவு? டேப் சொல்லும் கணக்கு!

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மாந்தோப்புகளில் பூ எடுக்கும் நேரம்தான் டென்ஷனான நேரம். தத்துப்பூச்சி இறங்கினால் பூங்கொத்து கருகும், பிஞ்சு உதிரும். மருந்து அடிச்சே ஆகணும். ஆனா ஒரு மரத்துக்கு எத்தனை லிட்டர்? பல தோப்புகளில் இது கண் அளவுதான்.

கண் அளவில் என்ன சிக்கல்?

கிளையும் இலையுமாக விரிந்து நிற்கும் பகுதியை விதானம்னு சொல்றாங்க. இது 6 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் இருக்கும் ஒரு மரத்தையும், 8 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம் இருக்கும் இன்னொரு மரத்தையும் எடுத்துக்குவோம். பார்க்க பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனா முதல் மரத்தின் கன அளவு சுமார் 94 கன மீட்டர், இரண்டாவது சுமார் 200. அதாவது இரண்டு மடங்குக்கு மேல்! ரெண்டுக்கும் ஒரே அளவு அடிச்சா, ஒண்ணுல மருந்து தரையில் வழியும். இன்னொண்ணுல பூச்சி தப்பிக்கும். வீணாகும் மருந்து காசு மட்டுமல்ல, மகரந்தம் சேர்க்க வரும் ஈ, தேனீக்களுக்கும் ஆபத்து.

எப்படி அளப்பது?

கிளை நுனிக்கு நேர் கீழே தரையில் குறி வையுங்க. வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு என ரெண்டு பக்கமும் டேப் பிடித்து சராசரி எடுத்தால் அகலம். கீழ்க்கிளையிலிருந்து உச்சி வரை உயரம். அகலம் × அகலம் × உயரம் × 0.52. அவ்வளவுதான்.

லிட்டர் கணக்கு?

அளந்த ஒரு மரத்தில் வெறும் தண்ணீரை, இலை நனைந்து சொட்டுவதற்கு முன்புவரை அடித்துப் பாருங்க. செலவான லிட்டரை கன அளவால் வகுத்தால், மற்ற மரங்களுக்கும் விடை கிடைக்கும். லேபிளில் உள்ள 'லிட்டருக்கு இத்தனை மில்லி' அளவை மட்டும் மாத்தக் கூடாது. இலை அடர்த்தி ரொம்ப மாறுபடும் மரங்களுக்குத் தனியா டெஸ்ட் பண்ணணும்.

போன் போதாதா?

சில ஐபோன் புரோ மாடல்களில் லைடார் சென்சார் உண்டு. ஆனா அது சுமார் 5 மீட்டர் வரைதான் எட்டும். பெரிய மரத்தின் உச்சிக்குப் பத்தாது.

வேறென்ன லாபம்?

10 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்கு 100 மரம். 5 மீட்டர் அடர் நடவில் 400. விதானத்தின் அகலம் இந்த இடைவெளியைத் தொட்டுவிட்டால் கிளைகள் மோதும், உள்ளே வெயில் இறங்காது. அறுவடை முடிந்ததும் கவாத்து பண்ண வேண்டிய மரம் எதுன்னு அதே டேப் காட்டிக்கொடுக்கும்.