சனி, ஞாயிறு நம்முடையது!

கல்யாணமாகி வெளிநாடு போகும் பெண்களுக்குப் பெட்டி கட்டும்போது ஊறுகாய், பொடி வகைகள், இட்லித் தட்டு எல்லாம் மறக்காமல் வைக்கிறோம். அங்கே சனி, ஞாயிறுகளை எப்படிக் கழிப்பது என்று மட்டும் யாரும் சொல்லி அனுப்புவதில்லை. ஜெர்மனியில், மியூனிக் நகரில் குடித்தனம் செய்யும் அனுபவத்தில் சொல்கிறேன், சகோதரிகளே, இட்லித் தட்டைவிட அதுதான் முக்கியம்!

திங்கள் முதல் வெள்ளி வரை கணவர் அலுவலகத்தில். பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது, பாஷையும் புரியாது. டிசம்பரில் மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவே பூட்டிக் கிடக்கும். ஞாயிறு ஓய்வுநாள் என்பதை அந்நாட்டு அரசியல் சட்டமே காத்து வருகிறது. வாரச் சாமான்களைச் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குள் வாங்கிவிட வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் இரண்டு நாளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி வீட்டிலேயே உட்கார்ந்தால் என்ன ஆகும்? உப்புப் பெறாத விஷயத்துக்கெல்லாம் சண்டை வரும்.

"ரயிலுக்கு ஆகிற காசைச் சேர்த்தா, ஊருக்குப் போறப்ப உனக்கு வளையல் வாங்கலாமே!" என்றார் என் கணவர், முதல் வருஷம்.

"வாங்கலாங்க. அதைப் போட்டுக்கிட்டு இந்தச் சுவரையே பார்த்துக்கிட்டு இருக்கவா?" என்றேன்.

அன்று ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். ஒரு வாரம் பூங்கா, மறு வாரம் வெளியூர். பூங்காவுக்குச் செலவே இல்லை என்று சொல்லலாம். அதில் மிச்சமாவது வெளியூருக்கு. எங்கே போவது, எந்த ரயில் என்று பார்ப்பதும், டிக்கெட் வாங்குவதும் என் பொறுப்பு.

பூங்காவுக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. 1789-ல் தொடங்கிய 'ஆங்கிலத் தோட்டம்' மட்டுமே சுமார் 375 ஹெக்டேர். அதற்குள் மரத்தாலான அடுக்குக் கோபுரம் ஒன்று, சீனக் கோபுரம் என்று பெயர். அதன் அடியில் ஒரு 'பீர் கார்டன்'. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் வரும் இடம்தான்! 1812-ல் பவேரிய அரசர் போட்ட உத்தரவுப்படி, பீர் காய்ச்சுவோர் அதனுடன் ரொட்டி மட்டுமே விற்கலாம். அதனால் ஜனங்கள் சாப்பாட்டைக் கையோடு கொண்டு வந்தார்கள். அந்த வழக்கம் இன்றும் உண்டு. விரிப்புப் போடாத மேஜைகளில் நம் பொட்டலத்தைப் பிரிக்கலாம். குடிப்பதற்கு மட்டும் அங்கே வாங்க வேண்டும்.

ஆப்பிள் சாற்றில் சோடா கலந்து தருவார்கள். அதை வாங்கிக்கொண்டு நாங்கள் புளியோதரையைப் பிரிப்போம். ஒருமுறை எதிரே இருந்த பாட்டியம்மா, மோர்மிளகாயைக் காட்டி என்னவென்று கேட்டார். எனக்குத் தெரிந்த பத்து ஜெர்மன் வார்த்தைகளையும் செலவழித்து விளக்கினேன். ஒன்றைக் கடித்துப் பார்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த ஊரில் கணவரின் தயவில்லாமல் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்!

1983-ல் நடந்த சர்வதேசத் தோட்டக் கண்காட்சிக்காக அமைத்த வெஸ்ட்பார்க் இன்னொன்று. மரச்சிற்பங்கள் நிறைந்த நேபாளப் பகோடாவைப் பார்த்ததும் மனசு நம் பக்கம் வந்துவிடும்.

வெளியூருக்கு 'பையர்ன் டிக்கெட்' சௌகரியம். பவேரியா மாநிலத்தின் சாதாரண ரயில்களில் நாள் பூரா ஏறி இறங்கலாம். ஐந்து பேர் வரை சேர்ந்து போகலாம். ஆள் கூடக் கூடத் தலைக்கு ஆகும் செலவு குறையும். வாரநாளில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும். சனி, ஞாயிறில் அந்தத் தடை இல்லை. அதிவேக ரயில்களில் மட்டும் ஏறிவிடாதீர்கள், செல்லாது. பயணிகளின் பெயர்களும் டிக்கெட்டில் இருக்க வேண்டும்.

ரேகன்ஸ்பர்க் போனால், டான்யூப் நதியின் மேல் 12-ம் நூற்றாண்டுக் கல்பாலம். நம் தாராசுரம் கோயில் எழுந்த அதே நூற்றாண்டு! அதன் பழைய நகரம் 2006-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இதே டிக்கெட்டில், மோசார்ட் 1756-ல் பிறந்த சால்ஸ்பர்க் வரையிலும் போகலாம். அது ஆஸ்திரிய நாடு, பாஸ்போர்ட்டை மறக்கக் கூடாது. பையில் குடை, ஃபிளாஸ்கில் வெந்நீர், சில்லறை மூன்றும் கட்டாயம். ரயில் நிலையக் கழிப்பறைக்கும் காசு கேட்பார்கள்.

இப்போது வெள்ளிக்கிழமை மாலை, "நாளைக்கு எங்கே?" என்று கேட்பவர் அவர்தான். டிக்கெட் வாங்கப் பழகியதில் டாக்டரிடம், தபால் ஆபீஸில், கடையில் நானே பேசிக்கொள்கிறேன். வளையல் வரும்போது வரட்டும்!

வெளிநாட்டில் மகளோ மருமகளோ இருக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. போனில் பேசும்போது "என்ன சமையல்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "இந்த வாரம் ரெண்டு பேரும் எங்கே போனீங்க?" என்றும் கேளுங்கள். பதில் வராமல் மௌனம் வந்தால், அதையும் கொஞ்சம் கவனியுங்கள்.