யாருடைய ரகசியம்?

2021 மே 4 ராத்திரி செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 13 பேர் செத்துப்போனார்கள். ஆக்சிஜன் இல்லாமல்தான் என்று உறவுக்காரர்கள் கதறினார்கள். பற்றாக்குறை காரணமல்ல என்றது அதிகாரம். அன்றைக்கு அழுத்தம் எவ்வளவு, முந்தின கூட்டத்தில் சப்ளை பற்றிப் பேச்சு வந்ததா? இதெல்லாம் காகிதத்தில் இருக்கவேண்டிய சங்கதி. இப்படிப்பட்ட காகிதத்தை எந்த ஆஸ்பத்திரியில் கேட்டாலும் 'ரகசியம்' என்கிறார்கள்.

ரகசியமாம்! மாமல்லபுரம், கல்பாக்கம் கரையிலிருந்து பஸ் ஏறி வருகிற சனத்தைக் கேளுங்கள். அரசு வார்டுகளில் நம்ம பொம்பளைக்கு என்ன நோய் என்பதைப் பத்துக் கட்டிலுக்குக் கேட்கக் கத்துவார்கள். நோயாளியின் மானத்துக்கு இல்லாத பூட்டு நிர்வாகத்தின் மினிட் புத்தகத்துக்கு எதற்கு?

ஆக்சிஜனோடு முடியவில்லை. 2016 மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள்படி கழிவுக் குழு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூடவேண்டும். கூட்டக் குறிப்பு ஆண்டறிக்கையோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகவேண்டும். அறிக்கை இணையதளத்தில் இருக்கவேண்டும். ஊழியருக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடவேண்டும், ஊசி குத்திய விபத்தைப் பதியவேண்டும். அந்த மஞ்சப் பையைத் தூக்குவது யார்? காண்ட்ராக்ட் கூலிக்கு நிற்கிற நம்ம அக்காக்கள். எத்தனை பேருக்குக் குத்தியது என்று பேர் சொல்லாமல் எண்ணிக்கை போட்டால் யார் அந்தரங்கம் கெடும்?

2005 தகவல் உரிமைச் சட்டம் 4ஆம் பிரிவில், என்னென்ன குழுக்கள் இருக்கின்றன, அவற்றின் கூட்டக் குறிப்பு சனங்களுக்குக் கிடைக்குமா என்பதைக் கேட்காமலே வெளியிடச் சொல்லியிருக்கிறது. வெளியிடாத ஆஸ்பத்திரிக்கெல்லாம் மனுப் போடுவோம். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப்தான். செங்கல்பட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம், தோழர்களே.