மேல் துளைக்குப் பின்னால் வயர் இருக்கிறதா?



பழைய கரண்ட் குக்கரைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்குகிறோம். எத்தனை லிட்டர், எத்தனை வருஷம் வாரண்டி என்று கடையில் துருவித் துருவிக் கேட்கிறோம். வீட்டில் அதைச் செருகப்போகிற பிளக் பாயின்ட்டை யாராவது பார்க்கிறோமா?

அந்த பாயின்ட்டில் எர்த் இல்லாவிட்டாலும் சோறு வெந்துவிடும். அதனால்தான் இந்தக் குறை வருஷக்கணக்காக யார் கண்ணிலும் படுவதில்லை.

கஞ்சி பொங்கி உள்ளே இறங்கி, என்றாவது ஒருநாள் கரண்ட் வெளி பாடிக்குக் கசியலாம். எர்த் சரியாக இருந்தால் அது பச்சை வயர் வழியே மண்ணுக்கு இறங்கும். இல்லையென்றால் 230 வோல்ட் குக்கர் மேலேயே காத்திருக்கும். அரிசி களைந்த ஈரக் கையோடு, வெறுங்காலில் நின்று அதைத் தொடுவது யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான்.

த்ரீ பின் பிளக்கில் தடித்து நீண்டிருப்பது எர்த் பின். செருகும்போது முதலில் தொடும், பிடுங்கும்போது கடைசியில் விடும். அப்படி யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். அதைப் போய் டூ பின் எக்ஸ்டென்ஷனுக்காக வெட்டி எறியலாமா?

துளை மூன்று இருந்தால் மட்டும் போதாது. பழைய வீடுகள் பலவற்றில் எர்த் பின் செருகும் மேல் துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. சில இடங்களில் வேலையைச் சுருக்க நியூட்ரலோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். இது இன்னும் மோசம். வழியில் நியூட்ரல் அறுந்தால், பழுதே இல்லாத புது குக்கரும் ஷாக் அடிக்கும். மீட்டர் வைத்தாலோ எல்லாம் சரி என்றே காட்டும். ஆகவே எலக்ட்ரீஷியனை போர்டைக் கழற்றியே பார்க்கச் சொல்லுங்கள். எர்த் குழியையும் காட்டுங்கள். கோடையில் அது காய்ந்துபோனால் சரியாக வேலை செய்யாது. அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். அது எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் மேலே டைல்ஸ் ஒட்டிய வீடுகளும் உண்டு.

“எம்சிபி போட்டிருக்கிறோமே” என்பீர்கள். அது வயரைக் காப்பாற்றும், ஆளை அல்ல. 16 ஆம்ப்ஸ் எம்சிபி ட்ரிப் ஆவதற்கு முன்பே, அதில் மிகச் சிறிய பங்கு கரண்ட் உயிரை எடுத்துவிடும். ஆளைக் காக்க, கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி வேண்டும். அதில் இருக்கிற டெஸ்ட் பட்டனையும் அவ்வப்போது அழுத்திப் பாருங்கள்.

வாடகை வீடா? பெயின்ட் அடித்துத் தரச் சொல்கிறோம், ஒழுகுகிற குழாயை மாற்றச் சொல்கிறோம். எர்த்தையும் ஹவுஸ் ஓனரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். அவர் சரிசெய்து தரும்வரை சோறு கேஸ் அடுப்பிலேயே வேகட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்