நிலமிலார் பொங்கல்

தைத் திங்கள் முதல் நாளில் மேடையேறும் சொற்பொழிவாளர் பலர், பொங்கல் உழவர் திருநாள் என்று கூறிய அளவிலேயே அதன் வரலாறு முழுவதையும் கூறிவிட்டதாகக் கருதுகின்றனர். அட்டன், தலவாக்கலை, நுவரெலியா ஆகிய இடங்களின் தேயிலைத் தோட்டங்களில் வைத்து அத்தொடரை நோக்குவார்க்கு ஒரு வினா எழும். தமக்கென ஒரு சாண் வயல்தானும் இல்லாத மக்கள் யாருடைய அறுவடையைக் கொண்டாடுகின்றனர்?

தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவந்த பழக்கம், பொருளிழந்த பின்னரும் சடங்காக எஞ்சிநிற்கின்றது என்பர் சிலர். அது பொருந்தாது. பொங்கலின் தொன்மையில் ஐயமில்லை. புதுப்பானையில் பொங்கிய பாற்சோற்றைச் சீவக சிந்தாமணியே பேசுகின்றது. ஆனால், உழுதவர் அனைவரும் தம் விளைச்சலைத் தாமே பொங்கியுண்ட பொற்காலம் ஒன்று தமிழகத்து வயல்களில் இருந்தது என்பது மேடைக் கற்பனை. திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிமாரின் பின்னே கடல் கடந்தோருட் பலர் பிறர் நிலத்தில் உழைத்தோரே. பொங்கலன்று பண்ணையாளுக்குக் கிடைத்தது மிராசுதார் அளந்த நெல்லும் கொடுத்த துணியுமே. நிலமில்லாப் பொங்கல் அவர்களோடு கப்பலேறி வந்தது.

மலையில் அரிசியும் கூலிக் கணக்கினுள் அடங்கிற்று. 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம், தோட்டத்தில் வழங்கப்படும் அரிசியின் விலையையும் கருத்திற்கொண்டே கூலியை வகுத்தது. பங்கீட்டு உணவு குறுகிய 1973, 1974 ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. அவ்வாண்டுகளிலும் தை பிறக்கவே செய்தது.

கொழுந்துக்கு அறுவடை நாள் என்று ஒன்றில்லை; ஏறத்தாழ வாரத்துக்கொரு முறை அதே மலை மீண்டும் பறிக்கப்படும். எனினும், தைக்கும் தேயிலைக்கும் ஓர் உறவுண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை, வறண்ட காற்றும் குளிர்ந்த இரவும் கூடும் காலத்தில், டிம்புள்ளைப் பகுதித் தேயிலை ஆண்டின் மிகச்சிறந்த மணத்தைப் பெறுகின்றது. கொழும்பு ஏலத்தில் அதற்கு மதிப்பு மிகுதி. செடியிலோ துளிர் குறைவு. நிறுவையை நம்பி வாழும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குத் தோட்டத்தின் சிறந்த பருவமே கூடை நிறையாத பருவமாகின்றது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்ற பழமொழி, வழி யாருக்கு என்பதைச் சொல்லாமல் விட்டது.

லயங்கள் மலைச்சரிவின் போக்குக்கும் நிர்வாகத்தின் வசதிக்கும் ஏற்பக் கட்டப்பட்டவை. கிழக்கு நோக்கிய வாசல் அமைந்தால் அது தற்செயலே. இஸ்தோப்பின் முன்னே ஒடுங்கிய இடத்தில் கோலமிட்டு, கல் கூட்டிப் பானை வைப்பவள் கடையில் வாங்கிய அரிசியையே பொங்குகின்றாள். மறுநாள் மாட்டுப் பொங்கலுக்கு இக்குறை அவ்வளவாக இல்லை. பல குடும்பங்களுக்குத் தமதென்று சொல்லத்தக்க சொத்து தொழுவத்தில் நிற்கும் அந்த ஒரு பசுவே.

1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1964 ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கெனக் கணக்கிட்டது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. அவற்றில் உழைத்தோர் உழைப்பாளராகவே நின்றனர். 1977 மே மாதத்தில், 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிறர்க்குப் பங்கிடும் முயற்சியை எதிர்த்தெழுந்த போராட்டத்தின்போது, டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். மலையகத்தில் உழவர் திருநாளைப் போற்றுவோர் அப்பெயரை ஏன் உச்சரிப்பதில்லை?

2024 ஜனவரியில் தேசியப் பொங்கல் விழா சனாதிபதியின் வருகையோடு அட்டனில் நடந்தேறியது. மலையகத்தார் தேசியத்துள் ஏற்கப்பட்டமைக்கு இது சான்று என மகிழ்ந்தோர் உளர். அம்மகிழ்ச்சியை முற்றிலும் பழிக்கவேண்டியதில்லை. ஆயினும் அளந்து பார்த்தல் நன்று. புதிய வீட்டுத் திட்டங்கள் பலவற்றில் ஒரு குடும்பத்துக்கென வகுக்கப்பட்ட அளவு 7 பேர்ச்சஸ். ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ் கொண்டது. வீடு எழுந்தபின் எஞ்சுவது ஒரு பாத்திக்குப் போதும்.

தேசிய விழா எடுக்கும் அரசிடம் கேட்கவேண்டியது, தரிசாய்க் கிடக்கும் தேயிலைக் காணியில் உறுதியோடு கூடிய பயிர்நிலம். இத்தனை குளிரில் நெல் விளையாதே என்று நகைப்பர் சிலர். நுவரெலியாவில் உருளைக்கிழங்கு விளைகின்றது, கோவா விளைகின்றது, லீக்ஸ் விளைகின்றது. தம் மண்ணில் தாம் கிண்டிய கிழங்கைப் பானையருகே படைத்தால் ஞாயிறு ஏற்க மறுக்கப்போவதில்லை.