ஊருக்கு வருவோரும் மணற்காட்டு மணலும்

ஆடி, ஆவணி மாதங்களில் கரவெட்டியின் ஒழுங்கைகள் கலகலப்படைகின்றன. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வரும் உறவுகள், பூட்டிக்கிடந்த வீடுகளைத் திறக்கின்றனர். நல்லூர்த் திருவிழா முடிந்ததும் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வான் ஒன்றை அமர்த்திக்கொண்டு தெற்கே புறப்படுகின்றன. பெந்தோட்டைக் கடற்கரை, சிங்கராஜ மழைக்காடு, யால தேசிய பூங்கா என்று சுற்றிவிட்டு அப்படியே விமானம் ஏறிவிடுகிறார்கள். இதில் குறைகாண எதுவுமில்லை. 1988 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த சிங்கராஜ, பிள்ளைகள் பார்க்கவேண்டிய இடம்தான்.

ஆயினும் கரவெட்டியிலிருந்து அரைமணி நேரத்தில் போய்ச்சேரக்கூடிய ஒரு கடற்கரையை அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் காட்டுவதில்லை. துன்னாலையைக் கடந்து கிழக்கே சென்றால் வல்லிபுர ஆழ்வார் கோவில். அதற்கப்பால் மணற்காடு. பெயருக்கேற்ற மணற்குன்றுகள், சவுக்கங்காடு, மணலில் புதையுண்டு சுவர்கள் மட்டும் எஞ்சிய பழைய அந்தோனியார் தேவாலயம், ஆளரவமற்ற நீண்ட கரை. இன்னும் தெற்கே போனால் சுண்டிக்குளம். 1938 இல் பறவைகள் சரணாலயமாகி, 2015 இல் தேசிய பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்ட இடம் அது. பூநாரைகளும் கூழைக்கடாக்களும் அங்கு வந்திறங்குகின்றன.

நம்மிடம் மழைக்காடு இல்லை. ஆறும் இல்லை, தொண்டைமானாறு என்பதுகூடப் பெயரளவில்தான் ஆறு, உண்மையில் கடல்நீரேரி. இருப்பதெல்லாம் மணலும் நீரேரியும் பற்றைக்காடும் பறவைகளும். இவற்றைப் பார்க்கவும் காலம் உண்டு. சோளகக் காற்று மணலை வாரி இறைக்கும் ஆடியில் நீரேரிகள் வற்றிக்கிடக்கும். மாரிமழை ஓய்ந்த தை, மாசியில் வருபவருக்கு வல்லை வெளியைக் கடக்கும்போதே வலசைப் பறவைகள் காட்சி தரும்.

எனினும், நான் சொல்ல வந்தது சுற்றுலா விளம்பரம் அன்று. அந்த மணற்குன்றுகள் வெறும் காட்சிப்பொருள்கள் அல்ல என்பதே. மாரியில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மீது நன்னீர் வில்லையாக மிதக்கிறது. கரையோரக் கிராமங்களின் கிணறுகளுக்கு அதுவே ஊற்று. மணலை அள்ளினால் நன்னீரைத் தாங்கும் படை மெலிகிறது, உவர் மேலேறுகிறது. கடலுக்கும் குடிமனைக்கும் இடையிலான அரணும் அந்த மணல்தான். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்கைச் சூறையாடியதை நாம் மறக்கவில்லை. அதே நாளில் யாலவில், கடல் தெரியவேண்டும் என்பதற்காக முன்னிருந்த மணற்குன்று அகற்றப்பட்ட உல்லாச விடுதியொன்று முற்றாக அழிந்ததை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். குன்றுகள் குலையாத இடங்களில் அலையின் வேகம் தணிந்தது.

பத்திரிகைப் பணியில் மணற்கொள்ளைச் செய்திகள் எத்தனையோ என் மேசையைக் கடந்து அச்சுக்குப் போயிருக்கின்றன. அவற்றில் இரவில் ஓடும் உழவு இயந்திரம் இருக்கும், டிப்பர் இருக்கும், பிடிபட்ட சாரதி இருப்பார், துரத்திய பொலிஸார் இருப்பர். மணலை வாங்கியவர் மட்டும் இருக்கமாட்டார். அவர் யார்? ஊரில் மாடிவீடு கட்டுபவர். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புபவர். ஆண்டில் ஒரு மாதம் தங்குவதற்காக ஐந்து அறைகளும் உயர்ந்த மதிலும் எழுப்புபவர். எஞ்சிய பதினொரு மாதங்கள் அந்த வீடு பூட்டியே கிடக்கிறது. மணற்காட்டைப் பார்க்காமலே போகிறவர்கள், அதன் ஒரு பகுதியைச் சுவராக்கிப் பூட்டிவைத்துவிட்டுப் போகிறார்கள்.

கடுமையாகச் சொல்கிறேன் என்று சிலர் வருந்தலாம். ஊரில் ஒரு வீடு வேண்டும் என்ற ஏக்கத்தை நான் அறிவேன். போரில் வீடிழந்தவர்களுக்கு அது ஆடம்பரமுமல்ல. ஆனால் தேவைக்குக் கட்டுவது வேறு, அயலாருக்குக் காட்டக் கட்டுவது வேறு. கட்டுபவர், மணல் எங்கிருந்து வருகிறது, அதற்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று மேசனிடம் ஒரு கேள்வியாவது கேட்கலாம். விலை மலிவு என்றால் காரணத்தையும் விசாரிக்கலாம்.

சுற்றுலாவை வளர்க்க நினைப்போருக்கும் ஒரு வார்த்தை. மணற்குன்றின்மேல் உல்லாச விடுதி வேண்டாம். சுத்தமான கழிப்பறை, குப்பைத்தொட்டி, மீனவக் குடும்பங்கள் நடத்தும் சிறு உணவகங்கள், பறவைகளைத் தெரிந்த உள்ளூர் இளைஞர் சிலர், இவை போதும். சவுக்கங்காட்டுக்குள் வெற்றுப் போத்தல்களை எறிந்துவிட்டுப் போகும் நம்மவருக்கு விருந்தினரைக் குறைசொல்லும் தகுதியும் இல்லை.

புரட்டாதியில் வல்லிபுர ஆழ்வாரின் சமுத்திரத் தீர்த்தத்துக்கு ஆயிரக்கணக்கானோர் அந்த மணலில் கால்புதைய நடந்து கடலுக்குப் போகிறார்கள். அன்று அது புனித மண். ஆண்டின் மற்ற நாட்களில் அதற்கு டிப்பர்க் கணக்கில் விலைபேசுகிறோம். அடுத்தமுறை ஊருக்கு வருபவர்கள் ஒரு மாலைப்பொழுதையேனும் மணற்காட்டில் கழிக்கட்டும். நேரிற் கண்ட ஒன்றை அள்ளிக்கொண்டு போகும்போது, வாய்மூடி இருப்பது அவ்வளவு எளிதல்ல.