கண்ணீரும் கைவிலங்கும் காட்சிப்பொருளா?

2025ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 27ஆம் நாள், அமெரிக்காவின் புகழ்பெற்ற பாடகியும் நடிகையுமான செலினா கோமஸ் கைப்பேசியின் முன் அமர்ந்து அழுதார். அனுமதியின்றிக் குடியிருப்போரைப் பிடித்து நாட்டைவிட்டு அனுப்பும் பணியைப் புதிதாகப் பொறுப்பேற்ற அரசு முடுக்கிவிட்டிருந்த நேரம் அது. தம் மக்கள் தாக்கப்படுகிறார்களே, குழந்தைகளும் துன்புறுகிறார்களே என்று அவர் கலங்கிய காட்சி இன்ஸ்டாகிராமில் வெளியாயிற்று. பின்னர் அவராலேயே நீக்கவும்பட்டது. ஆயினும், அதற்குள் அது உலகெங்கும் பரவிவிட்டது. சில நாட்களில் வெள்ளை மாளிகை மறுமொழியாக ஒரு காட்சியை வெளியிட்டது. சட்டத்துக்குப் புறம்பாக நுழைந்தோர் மீது குற்றம் சாட்டப்பட்ட கொலை வழக்குகளில் மகள்களைப் பறிகொடுத்த தாய்மார்கள் அதில் பேசினார்கள்.

அடுத்த மாதம் 18ஆம் நாள் அதே மாளிகையிலிருந்து இன்னொரு காட்சி வந்தது. வெளியேற்றப்படுவோரின் கைகளிலும் கால்களிலும் சங்கிலி பூட்டப்படும் ஓசையைப் பதிவு செய்து, கேட்போர் செவிக்கு இதமளிக்கும் ஒலிகளின் தொகுப்பு என்று பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டியிருந்தார்கள்.

ஒருபுறம் கண்ணீர், மறுபுறம் சங்கிலி. இரண்டும் ஒரே சந்தையில் விலைபோயின. இதனைப் பார்த்த நாம், யார் பக்கம் நிற்பது என்று அவசரப்படுமுன், எது நியாயம் என்று சற்றே நின்று சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

முதலில் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். வீடு என்றால் அதற்கு வாசல் உண்டு. பிறர் இல்லத்தில் அனுமதி பெறாமலும் ஸலாம் உரைக்காமலும் நுழையலாகாது. திரும்பிச் செல்லுங்கள் என்றால் திரும்பிவிட வேண்டும் என்பது நம் பிள்ளைகளுக்கு நாம் கற்றுத்தரும் ஒழுக்கம். வீட்டுக்குப் பொருந்தும் இவ்வொழுக்கம் நாட்டுக்கும் பொருந்தும். விசா என்பது வெறும் முத்திரையன்று. அஃது ஓர் உடன்படிக்கை. அதனை முறிப்பவர், முறையாக விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவரின் உரிமையையும் சேர்த்தே மிதிக்கிறார். அமெரிக்கக் குடிமகன் ஒருவர் இந்தியாவிலுள்ள தம் உடன்பிறந்தாரை அழைத்துக்கொள்ள விண்ணப்பித்தால், வரிசை வந்து சேர 15 ஆண்டுகளுக்கும் மேலாகிறது. அத்தனை ஆண்டுகள் பொறுமையோடு காத்திருப்பவருக்காகக் கண்ணீர் சிந்தும் நட்சத்திரம் எவரும் உண்டா?

உயிருக்கு அஞ்சி ஓடிவருபவரின் நிலை வேறு என்பதை மறுப்பதற்கில்லை. அடைக்கலம் கேட்டு வருவோரின் கோரிக்கையை ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும் என்பதற்கென அமெரிக்கா 1980இல் தனிச் சட்டமே இயற்றியது. மக்கத்துக் கொடுமையிலிருந்து தப்பி அபிசீனியாவில் தஞ்சம் புகுந்த ஆதி முஸ்லிம்களின் வரலாறு நாம் அறிந்ததே. அவர்கள் நஜ்ஜாஷி மன்னரின் அவையில் நின்று, தம் நிலையை ஒளிக்காமல் எடுத்துரைத்தார்கள்; மன்னரும் இருதரப்பையும் கேட்டபின்னரே தீர்ப்பளித்தார். வருபவரிடம் உண்மையும், வரவேற்பவரிடம் நீதியும் இருந்தன. இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் அடைக்கலம் என்னும் புனிதமான சொல் பொருளிழந்துவிடும்.

எழுதிவைத்த சட்டத்தைச் செயற்படுத்தாமல் விடுவது கருணையாகுமா? ஆகாது என்பதற்கு அமெரிக்க வரலாறே சான்று. 1986இல் ரீகன் அதிபராயிருந்தபோது, அனுமதியின்றி வாழ்ந்த ஏறத்தாழ 27 இலட்சம் பேருக்குச் சட்டப்படியான குடியிருப்புரிமை கிடைத்தது. அதே சட்டம், ஆவணமற்றோரைத் தெரிந்தே வேலைக்கு வைக்கும் முதலாளிக்குத் தண்டனையும் விதித்தது. முதற்பாதி நிறைவேறிற்று, இரண்டாம் பாதி பெரும்பாலும் ஏட்டளவில் நின்றுவிட்டது. விளைவு என்ன? இருபது ஆண்டுகளில் ஆவணமற்றோர் தொகை 1 கோடியைக் கடந்தது. மலிவான கூலியால் முதலாளி செழித்தார். எந்நேரமும் பிடிபடலாம் என்ற அச்சத்திலேயே தொழிலாளி முதுமையடைந்தார். கதவு திறந்திருப்பது போலத் தோற்றம் காட்டி, உள்ளே வந்தவரை இருளில் வைத்திருப்பது இரக்கமன்று, அது வஞ்சகம்.

இனி, மேடையேறி முழங்கும் கலைஞர்களைப் பார்ப்போம். 2012ஆம் நிதியாண்டில், ஒபாமா ஆட்சிக்காலத்தில், 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். குடியேறியோர் நலனுக்காகப் பாடுபட்ட அமைப்புகள் அப்போதும் கண்டனக் குரல் எழுப்பின. ஆனால் விருது மேடைகளில் அந்தக் குரலின் எதிரொலி பெரிதாகக் கேட்கவில்லை. ஆட்சியாளரின் பெயர் மாறியபின் பொங்கிய சினம், ஏழைக்காகப் பொங்கியதா, எதிரிக்கு எதிராகப் பொங்கியதா என்று எவரேனும் ஐயுற்றால் அவரை நாம் குறைகூற முடியாது.

செலினா கோமஸின் கண்ணீரைப் பொய்யென்று நான் சொல்லவில்லை. அவருடைய குடும்பத்தவரே 1970களில் மெக்சிகோவிலிருந்து எல்லை தாண்டி வந்தவர்கள். ஆவணமற்ற குடும்பங்களின் வாழ்வைக் காட்டும் தொடர் ஒன்று 2019இல் நெட்பிளிக்ஸில் வெளிவந்தது. அதன் தயாரிப்பில் அவருக்கும் பங்குண்டு. ஆயினும் எந்தச் சட்டத்தை எவ்வாறு திருத்துவது, எவரை ஏற்பது, எவரைத் திருப்புவது என்ற கடினமான கேள்விக்குக் கண்ணீர் விடையாகாது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதவாறு கொடுப்பதே உயர்ந்த தருமம் என்று அறிந்த சமுதாயம் நாம். இரக்கம் படக்கருவியைத் தேடிச் செல்லும்போது, அதன் பயன் துன்புறுவோரைச் சேருமுன் புகழ் தேடுவோரைச் சேர்ந்துவிடுகிறது.

இதற்கு மாறான காட்சி ஒன்றும் உண்டு. 2022 செப்டம்பரில் புளோரிடா மாநில ஆளுநர், வெனிசுலா நாட்டவரை மிகுதியாகக் கொண்ட ஏறத்தாழ 50 பேரை, செல்வந்தர்கள் கோடையைக் கழிக்கும் மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்கு முன்னறிவிப்பின்றி விமானத்தில் அனுப்பிவைத்தார். ஏழை மனிதரை அரசியல் பகடையாக்கிய செயல் அது. ஆனால் அத்தீவின் சாதாரண மக்கள் ஒரு தேவாலயத்தில் அவர்களுக்கு உணவும் படுக்கையும் தந்தனர். உண்மையான இரக்கம் பெரும்பாலும் பெயரற்றதாகவே இருக்கிறது.

செய்தி ஏடுகளின் பொறுப்பு இவ்விருவரின் பொறுப்பினும் பெரிது. 2018ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், டெக்சாஸ் மாநிலத்தின் மெக்காலன் அருகே, ஹோண்டுராஸ் நாட்டுத் தாயொருத்தியை எல்லைக் காவலர் சோதனையிட்டபோது, அருகில் நின்ற அவளுடைய சின்னஞ்சிறு மகள் வீறிட்டழுதாள். ஜான் மூர் என்ற புகைப்படக் கலைஞர் அதனைப் படமெடுத்தார். தாயையும் சேயையும் அரசு பிரித்து வைத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. 'டைம்' இதழ் அக்குழந்தையின் உருவத்தை அதிபர் டிரம்ப் எதிரே நிறுத்தி அட்டைப்படமாக்கியது. பின்னரே உண்மை தெரிந்தது: அக்குழந்தை தாயிடமிருந்து பிரிக்கப்படவேயில்லை. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், கம்பிவலைக்குள் குழந்தைகள் உறங்கும் படங்கள் டிரம்ப் ஆட்சியின் கொடுமை என்று பரப்பப்பட்டன. அவையோ 2014இல், முந்தைய ஆட்சியில், அரிசோனாவின் நோகாலஸ் நகரில் எடுக்கப்பட்டவை.

இதனால் நேர்ந்த தீங்கை எண்ணிப்பாருங்கள். அந்நாட்களில் 2,700க்கும் மேற்பட்ட குழந்தைகள் மெய்யாகவே பிரிக்கப்பட்டிருந்தார்கள். ஜூன் 26ஆம் நாள் நீதிமன்றமே தலையிட்டு, அவர்களைப் பெற்றோரிடம் சேர்க்குமாறு ஆணையிட வேண்டியதாயிற்று. உண்மை அத்துணை வலுவாக இருந்தபோது, ஒரு பிழையான படம், எல்லாமே கட்டுக்கதை என்று சொல்ல விரும்பியவர்களுக்கு ஆயுதமாயிற்று. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்தாதீர்கள் என்னும் திருமறையின் போதனை எத்துணை முன்னறிவுடையது!

சட்டத்தைப் பேணுவோர் கூட்டத்துக்கும் இதே அளவுகோல் உண்டு. நாட்டைவிட்டு அனுப்பும் உரிமை அரசுக்கு உண்டு. இழிவுபடுத்தும் உரிமை இல்லை. 2025 பிப்ரவரி 5ஆம் நாள், 104 இந்தியரைச் சுமந்துகொண்டு அமெரிக்க இராணுவ விமானம் அமிர்தசரஸில் இறங்கியது. விலங்கிடப்பட்ட ஆடவர்கள் விமானம் ஏறும் காட்சியை அமெரிக்க எல்லைக் காவல் தலைமையே உலகுக்குக் காட்டியது. நீதிபதி தண்டனை விதிக்கலாம். தண்டனை பெற்றவனைப் பார்த்து நகைக்கலாகாது. நகைக்கத் தொடங்கினால் சட்டத்தின் மாண்பு அவன் கைகளில் அன்று, நம் கைகளிலேயே விலங்கிடப்படுகிறது.

இஃது எங்கோ தொலைவில் நடக்கும் விவகாரம் என்று எண்ணிவிட வேண்டாம். அயல்நாட்டுப் பிழைப்பை நம்பி வாழும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். 2022 ஜனவரியில் குஜராத்தைச் சேர்ந்த கணவன், மனைவி, பதினொரு வயது மகள், மூன்று வயது மகன் ஆகிய நால்வரும் கனடாவிலிருந்து அமெரிக்க எல்லையைக் கால்நடையாகக் கடக்க முயன்று, கொடும் பனியில் உறைந்து மாண்டனர். அதே ஆண்டு ஜூனில், டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் கைவிடப்பட்ட சரக்கு வாகனத்தில் அடைபட்டு 53 பேர் மடிந்தனர். அவர்களிடம் பணம் பறித்த தரகர்கள், எல்லை திறந்தே கிடக்கிறது, போய்விட்டால் எவரும் திருப்பி அனுப்பமாட்டார் என்றுதானே ஆசை காட்டியிருப்பார்கள்? சட்டமே வேண்டாம் என்று மேடையில் எழும் கைதட்டல், தெரிந்தோ தெரியாமலோ அத்தரகரின் வாணிபத்துக்கு விளம்பரமாகிவிடுகிறது. நடிகையின் கண்ணீர் காய்ந்துவிடும். அந்த மூன்று வயதுப் பாலகன் திரும்பி வரமாட்டான்.

ஆகவே பெற்றோர்களே! முறையான ஆவணமின்றி உங்கள் பிள்ளையை எந்தத் தரகரின் கையிலும் ஒப்படைக்காதீர்கள். நகையை விற்று நஞ்சை வாங்காதீர்கள். இளைஞர்களே! கைப்பேசியில் வரும் கண்ணீரையும் சங்கிலியையும் அடுத்தவருக்குத் தள்ளிவிடுமுன், எந்த ஆண்டு, எந்த ஊர், யார் எடுத்தது என்று ஒரு கணம் கேளுங்கள். வாசலைக் காப்பவன் நீதியோடு காக்கட்டும். வாசலில் நிற்பவன் உண்மையோடு நிற்கட்டும். இருவருக்கும் இடையே நின்று பேசுவோர் அறிந்ததை மட்டும் பேசட்டும்.