நற்சான்றிதழ் வாங்கவா இரத்தம் கொடுத்தோம்?



நம் மேடைகளில் ஒரு வசனம் இன்றைக்கும் ஓயவில்லை. "கொரோனாவைப் பரப்பியவர்கள் என்று எங்களைத் தூற்றினீர்களே! அதே கொரோனாவுக்கு மருந்தாக எங்கள் பிளாஸ்மாவைத்தானே கேட்டு வந்தீர்கள்? எங்கள் இரத்தமல்லவா உங்கள் உடம்பில் ஓடுகிறது!" என்று பேச்சாளர் முழங்குகிறார். தக்பீர் விண்ணைப் பிளக்கிறது. பேசியவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்காருகிறார். நானும் 2020ல் இதே வசனத்தைப் பேசியவன்தான். இன்று அது தவறு என்று எழுதுகிறேன். கோபம் வந்தால் முழுவதும் படித்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

நடந்ததை முதலில் நினைவுபடுத்திக் கொள்வோம். 2020 மார்ச் இறுதியில் தில்லி நிஜாமுத்தீன் மர்கஸ் விவகாரம் வெடித்தது. 'கொரோனா ஜிஹாத்' என்று வலைத்தளங்களில் வெறியைக் கிளப்பினார்கள். ஏப்ரல் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் நாட்டின் 14,378 நோயாளிகளில் 4,291 பேர் தப்லீக் தொடர்புடையவர்கள் என்று தனிக்கணக்கு வாசித்தது. ஒரு கூட்டத்தாரை மட்டும் ஊர் ஊராகத் தேடிப்பிடித்துச் சோதித்தால் அந்தக் கூட்டத்தில்தானே எண்ணிக்கை கூடும்? இந்தச் சின்னக் கணக்கைக் கேட்க எத்தனை செய்தியாளர்களுக்கு மனம் வந்தது? தில்லி அரசின் தினசரி அறிக்கையில் 'மர்கஸ் மஸ்ஜித்' என்றே தனிக் கட்டம் போட்டார்கள். சிறுபான்மையினர் ஆணையம் ஆட்சேபித்த பிறகுதான் அந்தப் பெயர் மாறியது. தமிழக அரசு சில நாட்களிலேயே அமைப்பின் பெயரை விட்டுவிட்டு, 'ஒரே மூலத் தொடர்பு' என்று சொல்லத் தொடங்கியது. அதையும் நன்றியோடு பதிவு செய்வோம்.

நம் பக்கத்துத் தவறையும் மறைக்க வேண்டாம். மார்ச் 13ல் 200 பேருக்கு மேல் கூடத் தடை, 16ல் 50 பேருக்கு மேல் கூடத் தடை என்று தில்லி அரசு அறிவித்தது. கொள்ளைநோய் பரவிய ஷாமுக்குள் நுழையாமல் ஸர்கு என்ற இடத்திலிருந்தே படையோடு திரும்பிய உமர் (ரலி) அவர்களின் வரலாற்றை மிம்பரில் சொல்லும் சமுதாயம் அல்லவா நாம்? பொறுப்பாளர்கள் முன்கூட்டியே கலைத்து அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் கவனக்குறைவு வேறு, சதி வேறு. நம்மீது சுமத்தியது சதி!

அதன் விலையை அதிகம் கொடுத்தவர்கள் நீங்கள்தான், வணிகச் சகோதரர்களே! வடமாநிலங்களில் தள்ளுவண்டிக் காய்கறிக்காரரிடம் ஆதார் அட்டை கேட்டார்கள். இந்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் முஸ்லிம் வியாபாரிகள் நுழையத் தடை என்று அறிவிப்பு தொங்கியது. நம் சென்னை தியாகராய நகரிலேயே, தங்களிடம் முஸ்லிம் பணியாளர் இல்லை என்று ஒரு பேக்கரி விளம்பரம் செய்தது. காவல்துறை உரிமையாளரைக் கைது செய்தது.

இந்தச் சூழலில்தான் ஏப்ரல் கடைசியில் பிளாஸ்மா பேச்சு வந்தது. குணமடைந்தவர்கள் பிளாஸ்மா தாருங்கள் என்று தப்லீக் தலைமையும் வேண்டுகோள் விட்டது. நம் சகோதரர்கள் தனிமை முகாம்களிலிருந்தே கை நீட்டினார்கள். இந்துவின் பிளாஸ்மா முஸ்லிமைக் காக்கலாம், முஸ்லிமின் பிளாஸ்மா இந்துவைக் காக்கலாம் என்று அன்றைய தில்லி முதல்வர் கெஜ்ரிவால் உருகினார். கர்நாடகத்தில் ஒரு முஸ்லிம் ஐ.ஏ.எஸ். அதிகாரி இந்தக் கொடையாளிகளை ஊடகங்கள் காட்டவில்லையே என்று எழுதினார். அவருக்குக் கிடைத்தது விளக்கம் கேட்கும் நோட்டீஸ்!

அப்போது பிறந்ததுதான் நம் மேடை வசனம். சரி, அந்த இரத்தத்தில் அப்படி என்னதான் இருந்தது? இதைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனை காலம் முழங்குவது?

இரத்தத்தில் அணுக்களை நீக்கிவிட்டால் மிஞ்சும் மஞ்சள் நிற நீர்தான் பிளாஸ்மா. கிருமி தாக்கிய உடம்பு ஒன்றிரண்டு வாரத்தில் 'ஆன்டிபாடி' என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரித்து அந்த நீரில் கலந்துவிடுகிறது. கொரோனாக் கிருமியின் மேல் இருக்கும் முள்ளைப் பற்றிக்கொண்டு, அது நம் செல்லுக்குள் நுழையாமல் தடுப்பது இதன் வேலை. இதை எடுத்து நோயாளிக்கு ஏற்றினால் அவர் பிழைப்பார் என்பது எதிர்பார்ப்பு.

எதிர்பார்ப்பு பலித்ததா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே சோதித்துப் பார்த்தது. 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகள். 235 பேருக்குப் பிளாஸ்மா ஏற்றினார்கள், 229 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். நோய் முற்றியவர்களும் இறந்தவர்களும் சேர்த்துப் பிளாஸ்மா பெற்றவர்களில் 44 பேர், பெறாதவர்களில் 41 பேர். வித்தியாசமே இல்லை! பிரிட்டனில் 11,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த 'ரெக்கவரி' ஆய்விலும் 2021 ஜனவரியில் இதே முடிவுதான் வந்தது. 2021 மே 17 அன்று இந்தியாவின் சிகிச்சை வழிகாட்டியிலிருந்து பிளாஸ்மாவை நீக்கிவிட்டார்கள். அதற்கு முந்தைய நாட்களில்தான் ஒரு யூனிட் பிளாஸ்மாவுக்காக எத்தனை குடும்பங்கள் இரவெல்லாம் போனும் கையுமாக அலைந்தன!

ஏன் பலிக்கவில்லை? நம் ஆய்வில் சேர்ந்த நோயாளிகளில் 83 சதவிகிதம் பேருக்கு, பிளாஸ்மா ஏற்றும் முன்பே அவரவர் உடம்பு சொந்தமாக ஆன்டிபாடி தயாரித்திருந்தது. கொடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய் லேசாக வந்து போனதால், அவர்களுடைய பிளாஸ்மாவில் வீரியம் குறைவாக இருந்தது. ஆற்று வெள்ளம் ஊருக்குள் வந்த பிறகு ஒரு குடம் நீரைக் கொண்டுபோய் ஊற்றிய கதை. அர்ஜென்டினாவில் 160 முதியவர்களுக்கு அறிகுறி தோன்றிய மூன்று நாட்களுக்குள், வீரியம் மிகுந்த பிளாஸ்மாவாகப் பார்த்துக் கொடுத்தபோது நோய் முற்றுவது 31 சதவிகிதத்திலிருந்து 16 சதவிகிதமாகக் குறைந்தது. ஆக, சரக்கு பொய்யல்ல. நேரமும் அளவும் தவறிவிட்டன.

நம் சகோதரர்களின் தியாகம் வீணா? இல்லவே இல்லை! அவர்கள் அல்லாஹ்வுக்காகக் கொடுத்தார்கள், கூலி அவனிடம் இருக்கிறது. உணவளித்துவிட்டு பிரதிபலனோ நன்றியோ கேட்காதவர்களை அத்தஹ்ர் அத்தியாயம் எப்படிப் புகழ்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். நன்றியே கேட்கக்கூடாது என்றிருக்க, நாம் குடியுரிமைக்கு ரசீது கேட்கிறோமே, இது என்ன நியாயம்?

சிந்தியுங்கள் சகோதரர்களே! "பிளாஸ்மா கொடுத்தோம், ஆகவே எங்களை நம்புங்கள்" என்று வாதாடினால், பிளாஸ்மா பயன்படவில்லை என்று விஞ்ஞானம் சொன்ன நாளில் நம் வாதம் என்ன ஆனது? நாளை எதிரி எழுந்து, "உங்கள் இரத்தத்தால் ஒருவரும் பிழைக்கவில்லையாமே" என்று கேட்டால் உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்களா? நோயில் விழுந்து எழுந்த கூலித் தொழிலாளி, இரத்தம் கொடுக்க முடியாத சர்க்கரை நோயாளி, கர்ப்பிணிப் பெண், இவர்களெல்லாம் சான்றிதழ் இல்லாத குடிமக்களா? குற்றம் செய்யாதவன் ஏன் பரிகாரம் தேடி அலைய வேண்டும்?

நமக்குச் சாட்சி வேறு இடத்தில் இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 21 அன்று மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, வெளிநாட்டு ஜமாஅத்தார் மீதான வழக்குகளை ரத்துசெய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டிருக்கக்கூடும் என்று எழுதியது. 2025 ஜூலை 17 அன்று தில்லி உயர்நீதிமன்றம் 70 இந்தியர்கள் மீதான 16 வழக்குகளை ரத்துசெய்தது. அவர்களுக்குத் தொற்று இருந்ததாகக் குற்றப்பத்திரிகையில் ஒரு வார்த்தைகூட இல்லை என்று சுட்டிக்காட்டியது. ஐந்து ஆண்டுகள்! இந்தத் தீர்ப்பை எத்தனை மேடைகளில் வாசித்தோம்? பிளாஸ்மா வசனம் மனப்பாடம், தீர்ப்பின் தேதி தெரியாது!

இன்னொரு கணக்கும் உண்டு. தப்லீக் செய்திகளில் வெறுப்பைக் கொட்டியதற்காக 2021 ஜூனில் ஒளிபரப்பாளர்களின் ஒழுங்கு ஆணையம் இரண்டு கன்னடச் சேனல்களுக்கு அபராதம் போட்டது. ஒன்றுக்கு 1 லட்சம், மற்றொன்றுக்கு 50 ஆயிரம். ஒரு சமுதாயத்தின் மானத்துக்கு மொத்தம் ஒன்றரை லட்ச ரூபாய்! நம் கோபம் இங்கே அல்லவா திரும்பியிருக்க வேண்டும்?

இனி நமக்குள் பேசவேண்டிய விஷயம். கடைவீதியில் இரண்டு விதமான பேச்சைக் கேட்கிறேன். "எனக்கு ஒருமுறை வந்துவிட்டது, இனி வராது, ஊசியெல்லாம் எதற்கு?" என்பது ஒன்று. "லேபில் பார்த்தேன், ஆன்டிபாடி குறைந்துவிட்டது, எதிர்ப்புச் சக்தியே போய்விட்டது" என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. வியாபாரிகளுக்கு வியாபாரக் கணக்கிலேயே சொல்கிறேன்.

ஆன்டிபாடி என்பது கடை அலமாரியில் அடுக்கிய சரக்கு. நோய் வந்த புதிதில் நிரம்பி வழியும், நான்கு மாதத்தில் மளமளவென்று குறையும், பிறகு மெல்ல இறங்கும். அலமாரி காலியாகத் தெரிவதால் கடை திவாலாகிவிட்டதா? எலும்பு மஜ்ஜைக்குள் ஒரு கோடவுன் இருக்கிறது. நோய் தீர்ந்து ஏழெட்டு மாதம் கழித்தும் அங்கே ஆன்டிபாடி தயாரிக்கும் செல்கள் உட்கார்ந்திருப்பதை அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் ஆய்வாளர்கள் 2021ல் கண்டார்கள். பி செல் என்ற நினைவணு சரக்கின் அச்சை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது, எதிரி வந்தால் புதிதாக வார்க்கிறது. டி செல், கிருமி புகுந்த செல்லைத் தேடி அழிக்கிறது. 2003ல் சார்ஸ் நோயிலிருந்து தப்பியவர்களைச் சிங்கப்பூரில் 17 ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோதும், அந்தக் கிருமியை அடையாளம் காணும் டி செல்கள் அவர்களிடம் இருந்தன. சுப்ஹானல்லாஹ்! லேபில் நாம் பார்ப்பது அலமாரியை மட்டும்.

அப்படியானால் இனி வராதா? வரும்! 2020 ஆகஸ்டில் ஹாங்காங்கில் 33 வயது மனிதர் ஒருவருக்கு நாலரை மாதத்தில் மறுபடியும் தொற்றியது. இரண்டாவது முறை எந்தத் தொந்தரவும் இல்லை, விமான நிலையச் சோதனையில்தான் தெரிந்தது. 19 நாடுகளின் 65 ஆய்வுகளைத் தொகுத்து 2023ல் லான்செட் இதழ் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். முன்பு வந்து குணமானவர்களுக்கு, பத்து மாதம் ஆன நிலையில், ஒமிக்ரான் தொற்றாமல் தடுக்கும் பாதுகாப்பு 36 சதவிகிதம்தான். நோய் முற்றாமல் காக்கும் பாதுகாப்போ ஏறத்தாழ 89 சதவிகிதம். கிருமி வேடத்தை மாற்றிக்கொண்டு வாசலைத் தாண்டிவிடுகிறது, உள்ளே காவலாளி பிடித்துவிடுகிறான்.

பெரும்பாலோருக்குத்தான் இந்தக் காவல். வயது முதிர்ந்த வாப்பா, சிறுநீரகம் மாற்றியவர், புற்றுநோய் மருந்து எடுப்பவர் வீட்டில் இருந்தால், 'வந்து போய்விட்டது' என்ற பேச்சை நம்பி அவர்களைக் கைவிடாதீர்கள். ஊசி வேண்டுமா என்பதை அவர்களுடைய மருத்துவரிடம் கேளுங்கள். மளிகைக் கடை பெஞ்சில் கேட்காதீர்கள். பத்தாம் நூற்றாண்டிலேயே அர்ராஸீ பெரியம்மையையும் தட்டம்மையையும் பிரித்து எழுதினார், ஒருமுறை அம்மை கண்டவருக்கு ஏன் மறுபடி வருவதில்லை என்பதற்குக் காரணம் தேடினார். அவர் சொன்ன காரணம் தவறு, கேட்ட கேள்வி சரி. நாமோ அர்ராஸீ பெயரைச் சொல்லிப் பெருமை பேசிவிட்டு, கேள்வி கேட்பதை வீட்டில் வைத்துவிட்டு வருகிறோம். மதரஸாவில் ஓதிய எங்களைப் போன்றவர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

இரத்ததானம் தொடரட்டும். விபத்தில் அடிபட்டவருக்கும் பிரசவத்துக்கும் நம் பிள்ளைகள் நள்ளிரவில் ஓடுவது இந்தச் சமுதாயத்தின் அழகு. அது நிற்கக் கூடாது. நான் எதிர்ப்பது முகாம் மேடையில் தொங்கும் அந்த பேனரை. 'நாங்களும் இந்தியர்களே' என்று கொட்டை எழுத்தில் அடித்து, பக்கத்தில் ஓர் அரசியல்வாதியின் படத்தைப் போட்டு, கையில் ஊசி குத்தியபடி போட்டோ எடுத்துக் கொள்கிறீர்களே, யாரிடம் காட்ட? அடுத்த முகாமுக்கு பேனர் அடிக்கப் போகும் தம்பி, அச்சகத்தில் இதைச் சொல்: இடம், தேதி, நேரம், தொடர்புக்கு ஒரு எண். மிச்ச இடத்தை வெள்ளையாகவே விடச் சொல்.